பாக்பெங் அக்காவுக்கு நன்றி

லாவோஸ் நாட்டில் ஹுவாய்சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மெகாங் ஆற்றில் படகில் போனால் இரண்டு நாள். விமானத்தைவிட மலிவு, அதனால்தான் அந்த வழி. இரவு பாக்பெங்கில் தங்க வேண்டும். இறங்கும்போதே எனக்கு நல்ல காய்ச்சல். கையில் அந்த ஊர்ப் பணமான கிப் நோட்டுகள் சிலதான்; ஏடிஎம்மும் காலை வாரிவிட்டது. கரைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, படகில் எதிரே கோழிக்கூடையோடு வந்தவர் நீங்கள். எதுவும் கேட்காமல் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஏறினீர்கள். வீட்டில் பாய், கொசுவலை, இஞ்சி மணக்கும் சூடான கஞ்சி. காலையில் வாழையிலையில் ஒட்டரிசிச் சோறு கட்டித் தந்து, படகில் இடமும் பிடித்துக் கொடுத்தீர்கள். பணம் நீட்டியபோது மட்டும் கோபம் வந்துவிட்டது உங்களுக்கு!

அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரிடம் சொல்லுங்கள், காய்ச்சல்காரன் நலம் என்று. உங்கள் லாவோ மொழியிலேயே மிக்க நன்றி சொல்கிறேன்: கோப் சாய் லாய் லாய், அக்கா.