ஜான் குக் ஐயாவுக்கு, என் ஜூனியரின் சந்தேகம்

குக் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வக்கீல் தொழில்தான் எனக்கும்; 375 வருஷத்துக்கு மேல் பிந்தி வந்திருக்கிறேன்.

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கைத்தடியை விடுவதில்லை. 1649 ஜனவரி 20, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம்; இங்கிலாந்து மன்னர் மீதே வழக்கு, அதை நடத்தும் வக்கீல் நீங்கள். நீங்கள் குற்றப்பத்திரிகையைத் தொடங்கும்போது மன்னர் முதலாம் சார்ல்ஸ் 'கொஞ்சம் நில்' என்று தடியால் உங்கள் தோளைத் தட்டுகிறார். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. மறுபடி தட்டியதில் வெள்ளிப் பூண் கழன்று கீழே விழுகிறது. யாராவது எடுத்துத் தருவார்கள் என்று பார்க்கிறார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ராஜாவே குனிகிறார்.

காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தயாரித்து வைத்திருந்த வாதத்தை அங்கே பேசவே முடியவில்லை. 'என்னை விசாரிக்க நீங்கள் யார்' என்று மன்னர் பதில் சொல்ல மறுத்துவிட்டார். பிறகு அதை அச்சில் கொண்டுவந்தீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிது, அதற்கு முந்தைய வருஷம் நீங்கள் எழுதிய 'ஏழையின் வழக்கு' என்ற நூல். போர் ஒரு பக்கம், பொய்த்த விளைச்சல் இன்னொரு பக்கம். ஏழைக்கு ரொட்டி இல்லாதபோது பார்லியை மதுவாகக் காய்ச்சுகிறார்களே என்று கொதித்தீர்கள். தானிய விலைக்குக் கட்டுப்பாடு, ஏழைக்கு இலவச வைத்தியம் கேட்டீர்கள். வக்கீல்களையும் விடவில்லை: தொழிலில் பத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடு என்றீர்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. மன்னரை எதிர்த்த தளபதி குரோம்வெல்லின் படை பிடித்த அயர்லாந்துக்கு, அங்குள்ள மன்ஸ்டர் மாகாணத்தின் தலைமை நீதிபதியாகப் போனீர்கள். வழக்குகளைச் சீக்கிரம் முடித்தீர்கள், சரி. நிலம் பறிபோன ஐரிஷ்காரனும் ஏழைதானே ஐயா?

உங்கள் வழக்கில் மன்னரின் தலை போனது, மன்னராட்சியும் போனது; 1660இல் மன்னராட்சி திரும்பியதும், மன்னரைக் கொன்ற துரோகம் என்று நீங்கள் கூண்டில். ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்ன வேலையைச் செய்த வக்கீல் நான், இது பேராசையாக இருக்கலாம், துரோகம் ஆகாது என்று வாதாடினீர்கள். இலவசமாக வாதாடச் சொன்ன மனிதருக்கு அந்தப் ஃபீஸையே கேடயமாகப் பிடிக்க வேண்டி வந்தது. அதுவும் எடுபடவில்லை. அக்டோபர் 16, லண்டன் சாரிங் கிராஸில் உங்களுக்கு மரண தண்டனை.

நேற்று என் ஜூனியரிடம் அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பற்றிச் சொன்னேன். "வருமானத்திலயா சார், நேரத்திலயா?" என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வக்கீல்