மங்கோலியாவுக்கு 21 மாகாணங்கள் அதிகமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மங்கோலியா பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, "35 லட்சம் பேருக்கு 21 மாநிலங்கள் எதற்கு? ஏழெட்டாகச் சுருக்கிவிடலாமே" என்று முடிந்திருந்தது. தலைகளை எண்ணி வகுத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மங்கோலியாவில் வகுக்க வேண்டியது தலைகளை அல்ல, தூரத்தை.

முதலில் ஒரு சொல் திருத்தம். மங்கோலியா ஒற்றையாட்சி நாடு. 'மாநிலம்' என்று எழுதினால் தனிச் சட்டமன்றமும் அமைச்சரவையும் இருப்பதாக வாசகர் எண்ணிவிடுவார். அங்கே அய்மக் எனப்படும் பிரிவுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. 'மாகாணம்' என்பதே பொருந்தும். 1992 அரசியல் சாசனப்படி அய்மக் பல சும்களாகவும், சும் 'பாக்' எனப்படும் சிறு பிரிவுகளாகவும் பிரிகிறது. தலைநகர் உலான்பாட்டர் எந்த அய்மக்கிலும் சேராதது. அதற்கு 9 மாவட்டங்கள், அவற்றின் கீழே ஹொரோக்கள். இந்த 9-இல் பகனூர், பகஹங்காய் இரண்டும் நகரோடு ஒட்டாமல் மாகாண நிலத்துக்கு நடுவே தனித்துக் கிடக்கின்றன. தங்கள் வரைபடத்தில் இவை விடுபட்டுள்ளன.

கட்டுரையாளர் குறிப்பிட்ட அளவு ஏற்றத்தாழ்வு உண்மைதான். தெற்கே கோபிப் பாலைவனத்தில் உள்ள ஓம்னோகோவி சுமார் 1,65,000 சதுர கி.மீ. எர்தெனெத் செப்புச் சுரங்க நகரைச் சுற்றி அமைந்த ஓர்ஹோன் வெறும் 844 சதுர கி.மீ. ஆனாலும் மக்கள் அதிகம் இருப்பது ஓர்ஹோனில்தான். காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஹோஷூ எனப்பட்ட பழைய பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளைக் கலைத்து 1931-இல் 13 அய்மக்குகள் வகுக்கப்பட்டன. பிறகு அவை 18 ஆயின. ஓர்ஹோன், தர்ஹான்-ஊல், கோவிசும்பர் ஆகிய மூன்றும் 1994-இல் சேர்ந்தவை. இம்மூன்றும் ஊரை நடுவில் வைத்துப் பிறந்த மாகாணங்கள், மற்றவை மேய்ச்சல் நிலத்தை வைத்துப் பிறந்தவை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

மேய்ப்பர் குடும்பத்துக்கு அன்றாடம் வேண்டியது அய்மக் தலைநகர் அல்ல, சும் மையம். நாட்டில் 330 சும்கள். சராசரியாக ஒன்று 4,700 சதுர கி.மீ. பெரும்பாலான சும்களில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். மையத்தில் ஒரு பள்ளி, அதையொட்டி விடுதி, சிறு மருத்துவமனை, கால்நடை மருத்துவர், வங்கிக் கிளை, ஆளுநர் அலுவலகம். 1950-களின் கூட்டுப்பண்ணைக் காலத்தில் பொதுவாக ஒரு சுமுக்கு ஒரு கூட்டுப்பண்ணை என்று அமைந்தது. இந்தக் கட்டமைப்பில் பெரும்பகுதி அப்போது எழுந்ததே. மையத்திலிருந்து 50 கி.மீ. தள்ளிக் கூடாரம் போட்டிருக்கும் குடும்பம், செப்டம்பர் 1 அன்று பிள்ளையை விடுதியில் கொண்டுவந்து விட வேண்டும். இரண்டு சும்களை இணைத்தால் அந்த 50 கி.மீ. 100 ஆகும், அதுவும் தார் காணாத மண் தடத்தில். பனி கொட்டும் மாதங்களில் பெற்றோர் பிள்ளையைப் போய்ப் பார்ப்பதே அரிதாகிவிடும். இணைப்பைப் பேசுகிறவர்கள் முதலில் கணக்கிட வேண்டியது இதை.

அதற்கும் கீழே உள்ள பாக்கைக் கட்டுரை தொடவே இல்லை. அங்கே தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது; குடிமக்கள் எல்லாரும் கூடும் பொதுக்கூட்டமே மன்றம். அவர்கள் முன்மொழியும் தலைவரைச் சும் ஆளுநர் நியமிப்பார். சும் ஆளுநரை அய்மக் ஆளுநரும், அய்மக் ஆளுநரைப் பிரதமரும் நியமிக்கிறார்கள். பெயரை முன்மொழிவது மட்டும் அந்தந்த மன்றம். பதவிக்காலம் 4 ஆண்டு. மேலே இருப்பவர் மறுத்தால் மறுபடி முன்மொழிய வேண்டும், அதுவரை பழையவரே தொடர்வார். ஆண்டுக் கடைசியில் குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என ஐவகைக் கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கும்போது கூடாரம் கூடாரமாகப் போவது பாக் அளவில் இருப்பவர்களே. 2019-இல் 7 கோடியைத் தாண்டிய எண்ணிக்கை இப்படிச் சேர்ந்ததுதான். பாக் மருத்துவ உதவியாளரும் பல இடங்களில் மோட்டார் சைக்கிளில்தான் நோயாளியைத் தேடிப் போகிறார். அலுவலகமே வீட்டைத் தேடிப் போகும் இந்த ஏற்பாடு கலைந்தால் ஈடு கட்ட முடியாது.

எல்லைகளால் தொல்லை இல்லை என்று சொல்லவில்லை. பெருந்தொல்லை 'சூத்' காலத்தில் வருகிறது. கோடையில் வறட்சி, தொடர்ந்து கடுங்குளிர். உறைந்த பனி புல்லை மூடிவிட, ஆடு குளம்பால் கிளறியும் புல் எட்டாது. உடனே மந்தையோடு தொலைவுக்கு ஓட்டிப் போக வேண்டும், இதற்கு 'ஓதோர்' என்று பெயர். அண்டைச் சும் அல்லது அய்மக்குக்குள் நுழைய இரு பக்க ஆளுநர்களும் உடன்பட வேண்டும். மேய்ச்சல் நிலம் தனியார் சொத்தாக முடியாது என்பது சாசனம். ஆனால் எப்போது எங்கே மேய்ப்பது என்பதை ஒழுங்கு செய்வது சும். ஏற்கும் சும், தன் குளிர்காலப் புல் தீர்ந்துவிடுமே என்று தயங்கும். பேச்சு இழுக்கும் ஒவ்வொரு நாளும் மந்தை மெலியும். மாகாணங்களைப் பெரிதாக்கினாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும், ஏனென்றால் அனுமதி நிற்கும் இடம் சும் எல்லை. முன்கூட்டியே ஒப்பந்தம், சும்களுக்கு இடையே பொது ஒதுக்கு மேய்ச்சல், கோடையிலேயே அறுத்து வைத்த வைக்கோல் ஆகிய மூன்றும்தான் உதவும்.

பெரிய வட்டம் வேண்டிய வேலைக்கு மங்கோலியர்களே பெரிய வட்டம் போட்டுக்கொள்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 126 இடங்களில் 78 இடங்கள், அய்மக்குகளைச் சேர்த்தும் தலைநகரைப் பிரித்தும் அமைத்த 13 தொகுதிகளிலிருந்து நிரம்பின. அதற்காக ஒரு சும் பள்ளிகூட மூடப்படவில்லை.

அடுத்த முறை வரைபடம் வெளியிடும்போது மாகாண எல்லையோடு சும் மையங்களையும் புள்ளிகளாகக் குறிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்