வார்னிங்க அமுக்காதீங்க அண்ணாச்சி

கங்கைகொண்டான்லயும் பாளையங்கோட்டையிலயும் உக்காந்து சின்ன கம்ப்யூட்டர் போர்டுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் எழுதுற டீம் லீடு அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

கோவப்படாம வாசிங்க. ரிஸ்க்-ஃபைவ்ங்கற பிராசசர் உள்ள 32 பிட் போர்டுக்கு, கிளாங்குங்கற கம்பைலர்ல லினக்ஸ் கர்னல் மாட்யூல் பில்டு போடும்போது ஒரு 64 பிட் கவுன்ட்டர அட்டாமிக்கா, அதாவது நடுவுல யாரும் புகுராம ஒரே மூச்சுல, படிக்கச் சொன்னா கம்பைலர் கத்துது, 8 பைட் கேக்க, லாக் இல்லாம இங்க 4 பைட்டுதான் முடியும்னு. அதையும் தாண்டிப் போனா லிங்க்ல வேற நிக்கும், ஏன்னா அப்பிடிப் படிக்கிற ஃபங்ஷன் லிப்அட்டாமிக்ங்கற லைப்ரரில கெடக்கு, கர்னலு அதச் சேத்துக்கிடாது. ஒடனே பயலுவ என்ன செய்யுதானுவ? அட்டாமிக்க தூக்கிட்டு சாதா வேரியபிளா படிக்கானுவ. வார்னிங்கும் போச்சு எர்ரரும் போச்சு, சவம் ஒழிஞ்சுதுன்னு டீக்கடைக்குப் போயிருதானுவ. நீங்களும் ரிவ்யூல ஓகே போட்டுருதீங்க.

ஆனா அந்தப் படிப்பு இப்போ ரெண்டு தனி லோடு, பாதி பாதியா மெமரிலருந்து எடுக்கு. கவுன்ட்டர் 429,49,67,295-ல நிக்குன்னு வைங்க, கீழ் 32 பிட்டு நெறஞ்சு கெடக்கு, மேல சைபரு. கீழ்ப்பாதிய படிச்சாச்சு, அந்த நேரம் பிராசசரோட இன்னொரு கோர் ஒண்ணு கூட்டிருது, கீழ சைபர் ஆகி மேல 1 ஏறிருது, அப்புறமா மேல்பாதிய படிக்கோம். கையில வர்றது 858 கோடிக்கு மேல! வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுல போர்டு மாத்துற நேரத்துல பாத்தா ஊரு பழசு நம்பர் புதுசா தெரியுமே, அதே கததான்.

கர்னலோட ரீட் ஒன்ஸ் மேக்ரோ போட்டாச்சேம்பீங்க. அது கம்பைலர் இஷ்டத்துக்கு விளையாடாம தடுக்கும், சரிதான், ஆனா 32 பிட் மெஷின்ல 64 பிட்ட ஒரே மூச்சுல படிக்க வைக்காது. அந்த மேக்ரோ இருக்குற ஹெட்டர்லயே கமென்ட் போட்டுருக்காங்க, சில ஆர்ம் சிப்புல சரியா வரும், மத்ததுல காத்து நல்லா அடிக்கணும்னு கிண்டலா. காத்து பணகுடி காத்தாடிக்கு ஆவும், கவுன்ட்டருக்கு ஆவாது.

வழி கர்னல்லயே இருக்கு. கவுன்ட்டர்ல எழுதுறது ஒரு ஆளுன்னா யு64 ஸ்டாட்ஸ் சிங்க்னு ஒண்ணு இருக்கு, படிக்கையில நடுவுல மாறிச்சுன்னா திரும்பப் படிக்கும், 64 பிட் மெஷின்ல ஏறக்கொறய செலவே கெடையாது. பல பேரு எழுதுனா அட்டாமிக்64-ன்னு ஒரு டைப்பு, 32 பிட் ரிஸ்க்-ஃபைவ்ல அது உள்ளுக்குள்ள ஸ்பின்லாக் எடுத்துக்கிடும், ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் அடுத்தவர் காத்து நிக்கிற பூட்டு அது, கொஞ்சம் மெதுவு, ஆனா கணக்கு சரியா வரும்.

டெஸ்ட்ல ஒண்ணும் வரலியேன்னு சொல்லாதீங்க, 429 கோடி தாண்டுற வரைக்கும் எவன் ஓடவிட்டுப் பாத்தான்? கர்னல் நேரத்துக்கு எண்ணிட்டே போற ஜிஃபீஸ் கவுன்ட்டர பாருங்க, பூட் ஆகி 5 நிமிஷத்துல 32 பிட் நெறயிற மாதிரி வேணும்னே ஆரம்ப நம்பர வச்சுருக்காங்க, பிழை இருந்தா அன்னைக்கே மாட்டட்டும்னு. நம்ம கவுன்ட்டரயும் டெஸ்ட் பில்டுல அப்பிடி வெளிம்புல தொடங்கினா என்ன கொறஞ்சா போவும்?

நான் கேக்குறது இதுதான்: அட்டாமிக் வார்னிங்க மேக்ஃபைல்ல ஃப்ளாக் போட்டு மூடுனாலோ, கோட மாத்தி மறச்சாலோ, ஏன்னு ரெண்டு வரி கமென்ட் இல்லாம மெர்ஜ் பண்ணாதீங்க. ஏற்கெனவே மூடுன ஃப்ளாக்கு எத்தன கெடக்குன்னு இந்த வாரமே கோடுல ஒரு கிரெப் அடிச்சுத் தேடிப் பாத்துருங்க.