எங்கள் ஒழுங்கை கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? வரைபட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

இந்த நாட்டின் நிலம், ஆறு, எல்லை, வெள்ளம் பற்றிய தரவுகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். ஓர் அலுவலகத்தைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது என் நோக்கம் இல்லை. எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பது அதை வெளியிட்டவர்களுக்குத் தெரியும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வெள்ள வரைபடத்தை வெறும் படமாக மட்டும் வெளியிடாதீர்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிற தரவையும் தாருங்கள். தமிழிலும் தாருங்கள்.

நான் கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் கொட்டிய மழை களனி கங்கை வழியாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்த இரவு உங்களுக்கு நினைவிருக்கும். பத்தரை மணி போல என் மாணவி ஒருத்தியின் அம்மா மட்டக்குளியிலிருந்து அழைத்தார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வெள்ள வரைபடத்தை எனக்கும் அனுப்பியிருந்தார்.

"டீச்சர், இந்த நீலத்துக்குள்ள எங்க ஒழுங்க வருதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. மாமிய இப்பவே பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கணுமா, விடியுற வரைக்கும் பார்க்கலாமா?"

அந்த மாமிக்கு எண்பது வயதுக்கு மேல். இடுப்பு முறிந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தவர். அசைத்தாலே அலறுவார். மழையில், இருட்டில், குறுகலான படியில் அவரைத் தூக்கிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கேட்டது ஒரு புவியியல் ஆசிரியையிடம். கையில் இருந்தது அரசாங்கத்தின் வரைபடம். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் படத்தை நான் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரே தாளில் ஆற்றின் கீழ்ப்பகுதி முழுவதும் இருந்தது. தலைப்பு ஆங்கிலம், குறிவிளக்கம் ஆங்கிலம், ஊர்ப் பெயரெல்லாம் ஆங்கிலம். எந்த நாளின், எந்த மணியின் நிலை என்று எங்கும் இல்லை. இப்போது நிற்கிற நீரா, நாளைக்கு வரப்போகிற நீரா என்றும் இல்லை. விரலால் பெரிதாக்கினால் எழுத்துகள் சதுரம் சதுரமாக உடைந்தன. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் நீலம் மட்டும்தான்.

"கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படத்தைப் போட்டு, பாலம், துறைமுக அலைதடுப்பின் முனை, இரண்டு சந்திகள் என்று நான்கு புள்ளிகளைத் தேடிப் பிடித்து, எவரும் சேர்ந்து வரையக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பின் தெருக்களோடு பொருத்தினேன். முதல் தடவை படம் கடலுக்குள் சரிந்தது. இரண்டாம் தடவை ஓரளவு உட்கார்ந்தது. அதற்குள் நேரம் ஒரு மணியைத் தாண்டிவிட்டது. பொருத்திப் பார்த்தால், வெள்ள எல்லையைக் காட்டும் நீலக் கோட்டின் தடிப்பே தரையில் அறுபது மீற்றருக்கு மேல் வந்தது. அவர்களுடைய ஒழுங்கையில் பதினான்கு வீடுகள். பதினான்கும் அந்தக் கோட்டின் அடியில். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

"தூக்குங்கள்" என்று சொன்னேன், எந்த ஆதாரமும் இல்லாமல். பக்கத்து வீட்டுப் பொடியன்மார் நான்கு பேர் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து அவரை மேலே கொண்டுபோனார்கள். விடியும்போது வாசற்படிக்குத் தண்ணீர் வந்திருந்தது. அந்த அம்மா இன்றைக்கும் எனக்கு நன்றி சொல்கிறார். அவர் நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால், அந்தப் படத்தை வரைந்தவருடைய கணினியில் அந்த நீலம், தெருக்களின்மேல் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு தனித் தரவு அடுக்காக இருந்தது. அதில் ஒழுங்கையை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் பதில் வந்திருக்கும். அந்த அடுக்கு உள்ளேயே இருந்துவிட்டது. வெளியே வந்தது அதன் புகைப்படம்.

இதைத்தான் கேட்கிறேன். அந்த அடுக்கைத் தாருங்கள்.

ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் நீர்மானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரவிலும் போய் அளவு பார்க்கிற ஊழியர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். கொழும்பு வடக்கில் வளர்ந்தவர்களுக்கு நாகலகம் வீதி நீர்மானி தெரியும். 4 அடி வந்தால் எச்சரிக்கை, 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஆனால் மேலே ஹங்வெல்லயில் கணக்கு மீற்றரில். அங்கே 8 மீற்றர் சிறுவெள்ளம், 10 மீற்றர் பெருவெள்ளம். வெறும் அட்டவணையில் "8" என்று கண்டால் சனம் என்ன விளங்கிக்கொள்ளும்? ஓரிடத்தில் அது சிறுவெள்ளம். இன்னோரிடத்தில், அடிக்கணக்கில், அது பெருவெள்ளத்தையும் தாண்டியது. அதே எண்களை ஆற்றின்மேல் புள்ளிகளாக வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த இடத்தின் எச்சரிக்கை அளவுக்கு ஏற்ப நிறம் கொடுத்துப் பாருங்கள். நோர்வூட், கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என்று நிறம் மேலிருந்து கீழாக மாறி வருவது கண்ணுக்குத் தெரியும். 145 கிலோமீற்றர் ஆறு. மேலே ஏறிய நீர் எங்களிடம் வந்துசேர மணித்தியாலங்கள் எடுக்கும். அந்த மணித்தியாலங்கள்தான் ஒரு மாமியைப் பகல் வெளிச்சத்தில், வலிக்காமல் தூக்கிக்கொண்டுபோகக் கிடைக்கிற நேரம். என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளே இந்தப் படத்தைச் செய்வார்கள். அவர்களுக்குத் தேவை மணிக்கு மணி வந்த அளவுகள், கணினி வாசிக்கக்கூடிய கோப்பாக. அவ்வளவுதான்.

அப்புறம், நாடு முழுவதையும் ஒரே படத்தில் நிறம் தீட்டும் பழக்கம். அனுராதபுர மாவட்டம் 7,179 சதுர கிலோமீற்றர், கொழும்பு மாவட்டம் 699. 2012 கணக்கெடுப்பில் கொழும்பில் 23 இலட்சம் பேர், அனுராதபுரத்தில் ஒன்பது இலட்சம்கூட இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையைப் பிரிவு பிரிவாகச் சிவப்பில் தீட்டினால், கண் போவது பெரிய நிலத்துக்கு. கொழும்பில் சனம் நெருக்கியடித்து வாழும் கொட்டாஞ்சேனையும் கிராண்ட்பாஸும் குண்டூசி முனையளவில் மறைந்துவிடும். அனுராதபுரத்துத் துயரம் குறைந்தது என்று சொல்லவில்லை. படத்தைப் பார்த்து நிவாரண லொறியை அனுப்புகிறவர் ஏமாந்துபோகக் கூடாது என்று சொல்கிறேன். தரவு கையில் இருந்தால் நாங்கள் எங்கள் பகுதியை மட்டும் பெரிதாக்கி வரைந்துகொள்வோம்.

பெயர் விஷயம் இதைவிட மோசம். வெள்ளத்துக்குப் பிறகு, கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக ஒரு பட்டியல் கிடைத்தது. தமிழில்தான் இருந்தது, மகிழ்ந்தேன். நகலெடுத்து ஒட்டினால் ஒரு சொல்கூடத் தமிழாக விழவில்லை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழாகத் தெரியாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி எடுத்தபோது, ஒரே இடம் ஒரு பக்கத்தில் கொலன்னாவை, அடுத்த பக்கத்தில் கொலன்னாவ. மனிதர் வாசித்தால் விளங்கும். கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். எல்லைக்கோட்டோடு பட்டியலை இணைக்கப் போனால் பாதி வரிகள் அநாதையாக நின்றன. பிரிவின் குறியீட்டு எண் ஒரு நிரலில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. நானும் மூன்று மாணவிகளும் நான்கு மாலைகள் உட்கார்ந்து கையால் சேர்த்தோம்.

ஓரிடத்துக்கே எங்களிடம் எத்தனை பெயர்! தமிழர் முகத்துவாரம் என்போம், மோதரை என்றும் சொல்வோம், ஆங்கிலத்தில் மட்வல். முகத்துவாரம் என்று கேட்டால் மட்டக்களப்பிலும் ஒன்று இருக்கிறது. உதவி கேட்டுப் பதறுகிறவர் எந்தப் பெயரைச் சொல்வார் என்று யாருக்குத் தெரியும்? மூன்று மொழிப் பெயரும் ஒரு குறியீட்டு எண்ணும் சேர்ந்திருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் எழுதியது 1987இல். நான் அப்போது பாடசாலைச் சிறுமி. இன்றைக்கு என் மாணவிகளுக்கு நான் படிப்பிக்கிறேன், இன்னும் நாங்கள் தமிழ்ப் பெயருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பஸ்ஸின் பலகையிலே எழுத்துப் பிழை என்றால் சகித்துக்கொண்டு ஏறிவிடலாம். மருந்துத் துண்டு விளங்கவில்லை என்றால் யாரையாவது கேட்கலாம். வெள்ளம் வருகிற இரவில் யாரைக் கேட்பது? ஆங்கிலம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் தப்பலாம், இல்லாவிட்டால் உன் விதி என்பது ஓர் அரசாங்கம் தன் சனத்துக்குச் சொல்லும் வார்த்தையா? கோபத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியதை அழிக்கப் போவதில்லை.

தரவைக் கேட்டு நேரிலும் போனேன். மூன்று மேசைகள் மாற்றினார்கள். கடைசி மேசையில், "இது உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் கேட்கிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொன்னேன், அந்த மாமியின் கதையைச் சொன்னேன். அந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், முகம் மாறிவிட்டது. "மேல கேக்கணும் மிஸ்" என்றார். அந்த "மேல" இருப்பவர்களுக்குத்தான் இந்த மடல்.

பாதுகாப்புக் காரணம் என்றும் ஒரு பேச்சு காதில் விழுந்தது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதி முகிலை ஊடுருவித் தரையில் நிற்கும் நீரைப் பார்க்கிறது. 2014இல் ஏவப்பட்டது, அதன் தரவு உலகில் யாருக்கும் இலவசம். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர் மட்டக்குளியில் தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம், மட்டக்குளியில் இருக்கிறவர் பார்க்கக் கூடாது என்றால் அது யாருக்கான பாதுகாப்பு? இராணுவ முகாமின் படத்தை நான் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே ஏறும் என்று கேட்கிறேன்.

நாங்கள் சும்மா இருந்துகொண்டு கேட்கவும் இல்லை. நைரோபியில் கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதி வரைபடங்களில் வெறுமையாகக் கிடந்தது. 2009இல் அங்கே வாழ்கிற இளைஞர்களே நடந்து நடந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் அதை வரைந்தார்கள். இதை வகுப்பில் சொன்ன பிறகு என் பிள்ளைகள் தங்கள் தோட்டங்களை வரையத் தொடங்கினார்கள். கொழும்பில் தோட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு தண்ணீர்க்குழாய், இரண்டு முழ அகல நடைபாதை, இரு பக்கமும் வீடு. பெரிய வரைபடங்களில் இவை சாம்பல் நிறக் கட்டங்கள். கைபேசியோடு நடந்து, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் அங்குள்ளவர்கள் சொல்கிற பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சேர்த்தார்கள். ஒருத்தி தன் வீட்டுக்கு முன்னாலிருக்கும் படிக்கட்டைக்கூட விடவில்லை. "தண்ணி வந்தா நாங்க ஏறுறது அதுலதானே மிஸ்" என்றாள்.

ஒழுங்கைகள் எங்களிடம் தயார். நீலம் உங்களிடம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க விடுங்கள்.

1800ஆம் ஆண்டிலிருந்து நில அளவைத் திணைக்களம் அளந்து வருகிற நாடு இது. 1:50,000 இடவிளக்கப்படத்தின் 92 தாள்களும் எங்கள் வகுப்பறைச் சொத்து. சமவுயரக் கோட்டைத் தடவித்தான் பிள்ளைகள் மலையைப் படிக்கிறார்கள். அளக்கத் தெரியாதவர்களிடம் நான் கேட்கவில்லை. அளந்ததைப் பகிருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கும். 2016இலும் 2017இலும் மே மாதத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன், களனியின் கீழ்ப்பகுதிக்கு மட்டுமாவது, வெள்ள எல்லை அடுக்கையும் நீர்மானி அளவுகளையும் கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லைகளையும் எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்புகளாக இணையத்தில் போடுங்கள். பெயர்கள் யூனிகோட் தமிழிலும் இருக்கட்டும், பிரிவின் குறியீட்டு எண் இருக்கட்டும், தரவு எந்த நேரத்தது என்று இருக்கட்டும். இடங்களை எண்களால் குறிக்கப் பயன்படுத்தியது எந்த ஆள்கூற்று முறை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நாட்டின் தேசியக் கட்டமும் கைபேசி காட்டும் ஆள்கூறும் ஒன்றல்ல, மாற்றாமல் போட்டால் வீடு பக்கத்துத் தெருவில் போய் விழும். இதற்குப் புதிதாக எதையும் அளக்க வேண்டாம்.

தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்க ஆள் இல்லை என்றால் எங்களிடம் அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன், பணம் வேண்டாம். இதற்கு ஒரு பதிலை, முடிந்தால் தமிழிலேயே, எதிர்பார்த்திருக்கிறேன்.

நன்றியுடன்,
கொழும்பு 13இலிருந்து ஒரு புவியியல் ஆசிரியை