உறைபனிச் செய்தியில் தரைமட்டக் குளிரும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பரில் நீர்ப்பனி உறைபனியாக மாறியதும், உதகைப் பகுதியின் தலைக்குந்தா, காந்தல் புல்வெளிகளில் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்து மகிழும் காட்சி நாளிதழ்களில் தவறாமல் வந்துவிடுகிறது. படத்தின் மீது எனக்குக் குறையொன்றுமில்லை. அதனடியில் அச்சாகும் வெப்பநிலையைப் பற்றியே எழுதுகிறேன்.

பொதுவாக வெளியாகும் குறைந்தபட்ச வெப்பநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை விரைவாக இழந்துவிடுவதால், தரையை ஒட்டிய குளிர் அதைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். செய்தியில் 3 டிகிரி என்றிருந்த நாளிலும் கேரட் தழை விறைத்து, விரல் பட்டதும் முறிவது இதனால்தான். மேட்டின் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால், ஒரே ஊரில் சரிவிலுள்ள பீன்ஸ் தப்பிக்க, ஓடையோர உருளைக்கிழங்கு கருகிப்போகிறது.

அரை ஏக்கர் மலைக்காய்கறி, கொஞ்சம் தேயிலை, ஒரு பசு, ஒரு கன்று என்று வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, குளிர்கால வேலைகள் முந்தைய நாளே முடிவாக வேண்டியவை. ஈரமண் பகல் வெயிலின் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும் என்பதால், வயலுக்கு முன்கூட்டியே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தேயிலை நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியால் மூட வேண்டும். கொட்டகையின் காற்றடிக்கும் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, கன்றுக்குச் சாக்குப் போர்த்த வேண்டும். ஸ்பிரிங்க்ளரைப் போட்டால் பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால், ஈரம் ஆவியாகி இலையை மேலும் குளிரவைத்து, போடாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். எல்லா இரவும் விழித்திருக்க டீசலும் கிடையாது, உடம்பும் ஒத்துழைக்காது.

ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, நீலகிரிப் பதிப்பில் சிறிய கட்டமொன்று ஒதுக்க வேண்டுகிறேன். முந்தைய இரவின் புல்மட்டக் குறைந்தபட்ச வெப்பநிலையையும், அன்றிரவு வானம் தெளிந்திருக்குமா என்ற முன்னறிவிப்பையும், வானிலை ஆய்வு மையத்திடமும் உதகை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திடமும் கேட்டு வெளியிடலாம். அடைத்த அறைக்குள் கரியடுப்பு மூட்டி உறங்கக் கூடாது என்ற ஒரு வரியும் அக்கட்டத்தில் இருக்கட்டும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு மணம் இல்லாததால், உறங்குபவருக்குத் தெரிவதே இல்லை.

இங்ஙனம்,
ஒரு சிறு விவசாயி,
உதகை வட்டம்.