புதுச் சாவி கேட்டு வருகிறவர்களுக்கு: ஹட்டனிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கார் ரிமோட் வேலை செய்யவில்லை, புதுச் சாவி போட்டுத் தாருங்கள்" என்று எங்கள் வாகன மின்திருத்தக் கடைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் உடனே சாவி செய்து கொடுப்பதில்லை. மின்சாரம் அளக்கும் மீற்றரை எடுத்துக்கொண்டு பொனட்டைத் திறக்கிறோம். அதற்குச் சோதனைக் கட்டணமும் வாங்குகிறோம். சிலருக்கு இதில் மனத்தாங்கல் இருப்பது தெரியும். கேட்டது ஒன்று, இவர்கள் பார்ப்பது வேறொன்று என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. காரணத்தை எழுதிவிடுவதே நல்லது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. புதிது வாங்கலாம் என்றிருந்தவர்களெல்லாம் அதுவரை பழையதையே பேணிக்கொண்டார்கள். அந்தக் கார்களின் எஞ்சினில் பெரும்பாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூப்பு வந்திருப்பது வயர்களுக்கும் அவற்றின் முனைகளுக்கும்தான். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் போனாலும் மே மாதம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரை லேசில் விடாது. மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. செம்புக் கம்பி பச்சை பூத்துப் போக வேறென்ன வேண்டும்?

முதலில் சாவியைப் பற்றி. அதற்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள் நடக்கின்றன. பொத்தானை அழுத்திக் கதவைத் திறப்பது ஒன்று; அதற்கு நாணய வடிவில் 3 வோல்ட் பற்றரி இருக்கிறது. எஞ்சினை இயங்க அனுமதிப்பது மற்றது. அது சிப்பின் வேலை. இந்தச் சிப்புக்குப் பற்றரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அனுப்பும் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்று, தன் இரகசிய இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும். ஆகவே, சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் கார் கிளம்பாததற்கு ரிமோட் பற்றரியைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

இந்தச் சிப்பை இழப்பவர்கள் பெரும்பாலும் கவர் மாற்றும்போதுதான் இழக்கிறார்கள். பொத்தான் ரப்பர் கிழிந்ததும் புதுக் கவர் வாங்கி வீட்டிலேயே மாற்றுகிறார்கள். பச்சை மின்சுற்றுப் பலகையையும் பற்றரியையும் பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். பழைய கவரின் ஓரத்துக் குழிக்குள் பசையில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துண்டு மட்டும் கண்ணில் படுவதில்லை. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். பார்த்தாலும் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்றே நினைக்கத் தோன்றும். கவர் குப்பைக்குப் போகிறது. மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. அல்லது பிடித்து ஓரிரு விநாடிகளில் நின்றுவிடுகிறது. டாஷ்போர்ட்டில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது. பெற்றோல் பம்ப் வரை மாற்றிவிட்டு எங்களிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய கவரைத் தயவுசெய்து எறியாதீர்கள்.

இணையத்தில் மலிவாகச் சாவி தருவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியவை. ஐரோப்பியக் கார்களில் 433.92. வடிவம் அச்சொட்டாக ஒன்றாகவே இருந்தாலும், அலைவரிசை வேறென்றால் கார் அதைச் சட்டை செய்யாது.

இனி பொனட்டுக்கு வருவோம். பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று ஒலித்துப் பூட்டு பாதியில் நின்றால், எங்கள் சந்தேகம் காரின் பெரிய பற்றரி மீதுதான். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் அங்கே புல்லில் உறைபனி விழும். குளிரில் பற்றரியின் பலமும் குறையும், எஞ்சின் எண்ணெயும் தடிக்கும். கொழும்பில் குறையில்லாமல் ஓடிய கார் இங்கே விடியற்காலையில் கைவிடுவது இதனால்தான்.

பற்றரி முனையில் நீலமும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் தூளை நீங்களே அகற்றலாம். அதற்கு எங்களுக்குக் காசு தர வேண்டியதில்லை. மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். எரிந்த 10 அம்பியர் பியூஸுக்குப் பதிலாக 20 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் மட்டும் வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

அதிக நேரம் எடுக்கும் வேலை ஓட்டுநர் பக்கக் கதவில் இருக்கிறது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தெரியும். பூட்டுக்கும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பவர் ஷட்டருக்கும் போகிற வயர்கள் அதற்குள்தான் செல்கின்றன. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. பல வருடம் கழித்து மேலுறை முழுதாக இருக்க, உள்ளே கம்பி அறுந்துபோகிறது. கதவு திறந்திருக்கும்போது ஷட்டர் இறங்கி, மூடியதும் இறங்க மறுத்தால் அநேகமாக இதுதான். முறுக்கி டேப் சுற்ற ஐந்து நிமிடம் போதும். அது அடுத்த மழை வரைக்கும்தான். நாங்கள் வயரை இளக்கமாக நீட்டி, ஈயம் வைத்து, உறை போட்டுக் கொடுக்கிறோம். அதற்கு அரை நாள் ஆகும்.

"இரவு கடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்" என்று நாங்கள் சொன்னால், எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். பூட்டி நிறுத்திய காரில் 50 மில்லி அம்பியர் வரை ஓடுவது வழமை. 300 ஓடினால், 45 அம்பியர்-மணிப் பற்றரி மூன்றே நாளில் பாதியாகிவிடும். பின்னாளில் பொருத்திய அலாரத்தின் மேல்தான் எங்களுக்கு முதல் சந்தேகம்; வயரைச் சீவி முறுக்கி வைத்த இணைப்புகள் அதில்தான் அதிகம்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில் அடிவாரத்து நல்லதண்ணியில் இரவு தங்கும் வேன் ஓட்டுநர்களே, பற்றரி இறங்காமலிருக்கப் பாட்டையும் விளக்கையும் சற்றுக் குறையுங்கள். இறங்கிவிட்டால் வேறு வண்டியின் பற்றரியிலிருந்து ஜம்பர் வயர் கொடுக்கும்போது கவனம்: பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் பிரதான பியூஸ் அந்த நொடியே போய்விடும்.

திருத்தத்தை எங்களிடமே செய்தால் சோதனைக் கட்டணத்தை மொத்தத் தொகையில் கழித்துவிடுவோம். வரும்போது வீட்டிலிருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டு வாருங்கள். ஒன்று வேலை செய்து மற்றது செய்யாவிட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. புதுச் சாவியைக் காருக்குப் பழக்க வேண்டுமானால் வாகனப் பதிவுச் சான்றிதழும் உரிமையாளரின் தேசிய அடையாள அட்டையும் அவசியம். அவை இல்லாமல், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், செய்து தரமாட்டோம். போயா (பௌர்ணமி) தினங்களில் கடை திறப்பதில்லை.

இப்படிக்கு,
வாகன மின்திருத்தக் கடையினர்,
ஹட்டன்