மழைக்கு முன், நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கால மாருதி 800, ஆம்னி என்று இரண்டு மூன்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் பருவமழைக்கு முன் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20% வரை எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸை உப்ப வைத்து வெடிப்பு விடச் செய்யும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், கிளிப்பும் புதிதாக. தீப்பிடிக்கும் விஷயம், தள்ளிப்போட வேண்டாம். மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, பிசினாக ஜெட்டை (பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள பாகம்) அடைக்கும். சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்றால் முதலில் ஐடில் ஜெட்டை (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது பெட்ரோல் தரும் ஜெட்) பாருங்கள். கிளீனர் அடித்துக் காற்று ஊதினால் போதும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் மைலேஜ் போய்விடும்.

பேட்டரி கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது கடைசியில். 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் சார்ஜ் கரண்ட் சரி.

ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரும் டயருக்குக் கட்டையும் போதும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் யாரும் படுக்கக்கூடாது, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம்.

இன்ஜினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட், வண்டி ஓடாமல் இருந்தாலும் இறுகி வெடிப்பு விடும். எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியில், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஹோஸ் அளவில் சந்தேகம் இருந்தால், பழையதைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள்.